அறிக்கை எழுதியவனோடு கிழக்குக்கு

வியாழன், உதயதேவி ரயில்

கொழும்புக் கோட்டையில் ஏறியதிலிருந்து மாகோ சந்தி வரும்வரை மருமகன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினான். கனடாவிலிருந்து வருபவர்களுக்கு முதல் வாரம் பகலும் இரவும் இடம் மாறித்தான் கிடக்கும். கல்லோயாச் சந்தியில் இறால் வடைக்காரர் ஏறி, பெட்டி முழுவதும் எண்ணெய் மணம் பரவிய பிறகே கண் விழித்தான்.

அக்காவின் மகன். ஸ்காபரோவில் வளர்ந்தவன். கனடியப் படையில் பொதுசன விவகார அதிகாரியாகக் கந்தகாரில் ஒரு தவணை, பிறகு ஒட்டாவாவில் கூட்டு நடவடிக்கைக் கட்டளையகத்தில் சில வருடங்கள் என்று பணியாற்றிவிட்டு விலகியவன். “அவனுக்கு அம்மம்மாவின் ஊரைக் காட்டு” என்று அக்கா என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். நானோ போர்க்காலத்தில் கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருந்தவன். படைத்தரப்பு அறிக்கைகள் தொலைநகலில் வந்து விழ விழ, அவற்றை அலசித் தலைப்புப் போடுவது என் பிழைப்பு. அறிக்கை எழுதியவனும் அறிக்கையைச் சந்தேகிப்பதற்குச் சம்பளம் வாங்கியவனும் ஒரே இருக்கையில். பேச்சுக்குப் பஞ்சம் இருக்குமா?

“நீ செய்தது என்ன வேலை தம்பி? தளபதிக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுப்பதா?” என்று கேட்டேன்.

“அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். சில தளபதிகளும் அப்படித்தான் நினைத்தார்கள்” என்றான்.

அவன் சொன்னதை என் போக்கில் எழுதுகிறேன். விடிவதற்கு முன்பே எழுந்து, கட்டளையகத்தைப் பற்றி வெளியே என்ன எழுதப்பட்டிருக்கிறது, யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, காலைக் கூட்டத்தில் தளபதியின் முன் வைப்பது அன்றாட வேலை. அதில் பாதி அவர் கேட்க விரும்பாத சேதி. ஒரு நடவடிக்கைக்குத் திட்டமிடும்போது அதே மேசையில் இவனும் உட்கார வேண்டும். “இதைச் செய்தால் நாளை வெளியே என்ன சொல்வோம்?” என்று கேட்பவன் இவன் ஒருவன்தான். இன்னும் யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில்களை எழுதி, சட்டப் பிரிவிலும் உளவுப் பிரிவிலும் காட்டி ஒப்புதல் வாங்கி, கோப்பில் வைத்திருக்க வேண்டும். சிப்பாய்களுக்குப் பேட்டி கொடுக்கப் பழக்க வேண்டும். கனடாவில் அதற்கு ஒரு விதி உண்டு: தன் வேலை எதுவோ அதைப் பற்றி மட்டும் பேசு. சமையற்காரன் சமையலைப் பற்றிப் பேசலாம், போரின் நியாயத்தைப் பற்றி அல்ல. படையோடு கூடவே தங்கும் செய்தியாளர்கள் கையெழுத்திடும் நிபந்தனைகளைக் கவனித்துக்கொள்வதும் இவன் பொறுப்பு. வரப்போகும் நடவடிக்கையை எழுதக் கூடாது. இறந்தவரின் பெயரைக் குடும்பத்துக்குத் தெரிவிக்கும்வரை வெளியிடக் கூடாது.

“அப்படியானால் தணிக்கைதானே?”

“தணிக்கையில் எழுதியதை வாங்கி வெட்டுவார்கள். இங்கே வெட்டுவதில்லை. நிபந்தனையை மீறினால் முகாமை விட்டு அனுப்பிவிடுவார்கள்.”

நான் சிரித்தேன். 1998 ஜூனில் இந்த நாட்டில் போர்ச் செய்திக்குத் தணிக்கை வந்தபோது அதற்கு அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் ஒரு படை அதிகாரி. பக்கங்களை அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். திரும்பி வரும்போது வரிகள் போயிருக்கும், சில நாள் பத்திகளே போயிருக்கும். மறுநாள் வாசகர்கள் அந்த வெற்றிடத்தைத்தான் முதலில் படித்தார்கள். எங்கள் பத்திரிகையில் அதிகம் நம்பப்பட்ட பகுதி அதுதான் என்று ஆசிரியபீடத்தில் ஒரு பகிடி.

பிற்பகலில் வெலிக்கந்தை. கிழக்கின் பாதுகாப்புப் படைத் தலைமையகம் இங்கே, பொலன்னறுவை மாவட்டத்துக்குள் இருக்கிறது. மருமகன் எட்டி எட்டிப் பார்த்தான். பழைய தொழில் பாசம். அடுத்தது புணானை, 23ஆவது படைப்பிரிவின் தலைமையகம். எங்கள் அப்பாவுக்குப் புணானை என்றால் முகாம் அல்ல, 1924இல் சுடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தை. அதன் பாடம்செய்த உடலைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் எனக்குக் காட்டியவர் அவர்.

“இந்தத் தலைமையகத்தின் பேச்சாளரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

போர்க்காலத்தில் எங்களுக்குத் தெரிந்த இராணுவப் பேச்சாளர் கொழும்பில் இருந்தார். கிழக்கு மக்களுக்குத் தெரிந்ததோ முகாம் வாசல். அங்கே ஒரு மரவாங்கு, ஒரு பதிவுப் புத்தகம், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு சிப்பாய். காலையில் போய் உட்கார்ந்த தாய்மார் மாலையில் “நாளைக்கு வாருங்கள்” என்ற பதிலோடு எழுந்து போனார்கள். பத்திரிகைக்கு ஒரு வாய், வாங்கில் இருந்தவளுக்கு வேறொரு வாய். அந்த இரண்டு வாயும் ஒன்றையே சொன்னதை நான் கண்டதில்லை.

வெள்ளி, மட்டக்களப்பு நகரம்

காலையில் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடங்களில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. கச்சேரி என்ற மாவட்டச் செயலகம் நெடுங்காலம் இதற்குள் இருந்ததால் எங்கள் ஆட்களுக்குக் கோட்டை என்றாலே காணி உறுதியும் ஓய்வூதியப் படிவமும்தான். மருமகன் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டான். வாவிக்கரை வெயில் மண்டையைப் பிளந்தது.

கல்லடியில் பழைய இரும்புப் பாலத்தில் நடந்தோம். பக்கத்திலேயே 2013இல் திறந்த புதுப்பாலம் இருப்பதால் இப்போது இதில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான். கடற்கரையில் நின்று, அந்தப் பக்கம் கடலுக்கடியில் ஹேர்மிஸ் கிடக்கிறது என்று காட்டினேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. கப்பல் தலைவரோடு 307 பேர் மாண்டார்கள். விற்றா என்ற மருத்துவக் கப்பல் அறுநூறு பேரளவில் காப்பாற்றியது. முந்நூறு என்று உத்தேசமாகச் சொல்லாமல், எண்பது வருடங்களுக்குப் பிறகும் 307 என்று சொல்ல முடிகிறது. எந்தப் படையும் தன் ஆட்களை ஒழுங்காகத்தான் எண்ணும்.

மாலையில் காந்தி பூங்கா. கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களை நினைவுகூரும் கூட்டங்கள் இங்கே நடப்பதுண்டு. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி காலையில் இந்த நகரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த மண்ணில் பிறந்து ‘தராக்கி’ என்ற பெயரில் இராணுவ ஆய்வு எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகில் பிணமாகக் கிடந்தார். இரண்டு கொலைகளுக்கும் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. சிவராம் எழுதியதைப் படையினரும் படித்தார்கள், புலிகளும் படித்தார்கள், தூதரகங்களும் படித்தன. இரு தரப்பின் அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்கும் கலையில் அவருக்கு நிகர் இல்லை.

மருமகன் அதிகம் பேசவில்லை. 2009 டிசம்பர் 30ஆம் திகதி கந்தகாரில் குண்டு வெடித்து நான்கு சிப்பாய்களோடு மிஷெல் லாங் என்ற கல்கரிப் பத்திரிகையாளர் இறந்ததை மட்டும் சொன்னான். படையோடு தங்கியிருந்தவர் அவர். செய்தி போட வேண்டியவர் செய்தியாகிவிட்ட அந்த நாளில், கூடாரத்தில் இருந்த மற்றச் செய்தியாளர்களும் அவருடைய குடும்பத்துக்குத் தெரியும்வரை எழுதாமல் காத்திருந்தார்களாம்.

சனி, வந்தாறுமூலை

ஏறாவூர் தாண்டி வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழக வாசலில் ஒரு பழைய நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சைக்கிளோடு நின்றார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். 1990இல் இளைஞராக இந்த வளாகத்து அகதி முகாமில் இருந்தவர். அந்த ஜூனில் போர் மீண்டும் வெடித்தபோது சுற்றுக் கிராமங்கள் எல்லாம் இங்கேதான் வந்து ஒதுங்கின. வகுப்பறை, விடுதி, மரநிழல் என்று ஆயிரக்கணக்கில் சனம்.

செப்டம்பர் 5ஆம் திகதி காலையில் இராணுவம் வந்தது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார்கள். ஆள் காட்டிக்கொடுக்க நிறுத்திய, முகத்தை மூடிய தலையாட்டிகளுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் மறுபக்கம். பிரித்தெடுத்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். 158 பேர். முகாமுக்குப் பொறுப்பாக இருந்த பல்கலைக்கழகத்தார் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். அந்த மாதமே இன்னொரு தடவையும் வந்து மேலும் சிலரைக் கொண்டுபோனார்கள். எவரும் திரும்பவில்லை. சிலரைப் பிடித்ததாகவும், பிடித்தவர்களை விட்டுவிட்டதாகவும் படைத்தரப்பிலிருந்து பதில் கிடைத்தது. 1994இல் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழு பிறகு இதை விசாரித்தது. ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் திகதியும் குடும்பங்கள் படங்களோடு வந்து நிற்கின்றன. படங்களில் இருப்பவர்கள் வயது ஏறாமல் இருக்கிறார்கள். பிடித்திருப்பவர்களின் கைகள்தான் ஒவ்வொரு வருடமும் சுருங்குகின்றன.

மாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மருமகன் ஒரு தடவை குறுக்கிட்டான். “எத்தனை பேர் என்றீர்கள்?”

“நூற்றைம்பத்தெட்டு.”

அவன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தேநீர்க்கடையில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னான். ஆப்கானிஸ்தானில் இறந்த கனடியச் சிப்பாய்களின் எண்ணிக்கையும் 158.

தற்செயல்தான். இரண்டையும் தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவன் அந்த 158 பேரில் சிலருக்கு அறிக்கை எழுதியவன். அது எப்படி நடக்கும் என்று மாஸ்டர் கேட்டார், அவனும் சொன்னான்.

ஒரு சிப்பாய் இறந்தால் முதலில் முகாமின் இணையமும் தொலைபேசியும் நிறுத்தப்படும். யாராவது நண்பன் வீட்டுக்கு எழுதி, தாய்க்கு அயலவர் மூலம் தெரிந்துவிடக் கூடாது. கனடாவில் ஓர் அதிகாரியும் மதகுருவும் சீருடையோடு அந்த வீட்டு வாசலுக்குப் போவார்கள். தொலைபேசியில் சொல்வது கிடையாது. இவன் கந்தகாரில் அறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு காத்திருப்பான். பெயர், தரம், படையணி, எந்தத் தளத்தைச் சேர்ந்தவர், எந்த ஊர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். வீட்டு வாசலில் கதவு தட்டப்பட்டது என்ற சேதி ஒட்டாவாவிலிருந்து வந்த பிறகுதான் அந்தக் கோட்டின் மேல் பெயர் ஏறும். சில நேரம் தகப்பன் ஒரு மாகாணத்தில், தாய் இன்னொரு மாகாணத்தில் என்று ஆளைத் தேடவே பாதி நாள் போய்விடும்.

“சில இரவுகளில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மாஸ்டர். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவனோடு சாப்பிட்டிருப்பேன். எங்கோ ஒரு வீட்டில் அப்போது தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.”

உடல் டிரென்டன் விமானத் தளத்தில் வந்திறங்கும். 2006 ஏப்ரலில் கனடிய அரசாங்கம் அங்கே செய்தியாளர்களைத் தடுத்தது. துக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். சவப்பெட்டிகளை மறைக்கிறார்கள் என்று நாடு கொதித்தது. பிறகு, கமரா வரலாமா வேண்டாமா என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும் என்று மாற்றினார்கள். டிரென்டனிலிருந்து ரொறன்ரோ போகும் 401 நெடுஞ்சாலையின் மேம்பாலங்களில் சனங்கள் தாங்களாகவே வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். 2007இல் அந்தப் பகுதிக்கு மாவீரர் நெடுஞ்சாலை என்று பெயரும் வைத்தார்கள். (அந்தப் பெயரைக் கேட்டு மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் தேநீரைப் பார்த்தேன்.)

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நல்ல முறை. அது உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கு. ஆப்கான்காரனுக்கு யார் கதவைத் தட்டினார்கள்?” என்றார்.

மருமகன் சுற்றி வளைக்கவில்லை. தவறுதலாக ஒரு பொதுமகன் கொல்லப்பட்டால் விசாரணை உண்டு, சில இடங்களில் ஊர்ப் பெரியவர்களோடு பேசிப் பணம் கொடுத்ததும் உண்டு. ஆனால் அந்த ஒழுங்கு, அந்தக் கோடு, அந்தக் காத்திருப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றான். மாஸ்டர் தலையசைத்தார். அவனை அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். தேநீருக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ஞாயிறு, காத்தான்குடி முதல் காரைதீவு வரை

தெற்கே போகும் பஸ். காத்தான்குடியில் நடுவீதியில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. இறங்கி மீரா ஜும்மா பள்ளிவாசலுக்குப் போனோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் இங்கேயும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுவரில் சன்னத் தடங்களை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். செய்தது தாங்கள் அல்ல என்று விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். அந்த மறுப்பும் ஓர் அறிக்கைதான், அதையும் யாரோ உட்கார்ந்து, சொல் தேர்ந்து எழுதியிருப்பார்கள். வந்தாறுமூலையை எழுதிவிட்டு இதை எழுதாமல் போனால் எனக்கும் அந்த எழுத்தாளருக்கும் வித்தியாசம் இருக்காது. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

கல்முனைக்குப் போகும் வழியில் 2011 ஆகஸ்ட் பற்றி அவனுக்குச் சொன்னேன். கிறீஸ் மனிதன் காலம். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று கிழக்கு முழுவதும் கதை. இளைஞர்கள் தடியோடு விடிய விடியக் காவல். துரத்தினால் முகாமுக்குள் ஓடி மறைகிறான் என்றார்கள். முகாம்களைச் சனம் சூழ்ந்தது, மோதல்கள் நடந்தன. எல்லாம் வதந்தி என்றது அரசு. வதந்தியாகவே இருக்கட்டும். முப்பது வருடங்களாக முகாம் வாசலில் உண்மையைக் கேட்டுக் கிடைக்காத ஊருக்கு, அந்த வாசலிலிருந்து வரும் மறுப்பு எதற்கு? அங்கிருந்து மறுப்பு வந்ததே சந்தேகத்தைக் கூட்டிற்று.

அவன் ஓநாய்க் கதை சொன்னான். நோவா ஸ்கோசியாவில் 2020இல் நடந்தது. மாகாண வனத்துறையின் பெயரில், ஓநாய்களைக் காட்டில் விட்டிருக்கிறோம், கவனமாக இருங்கள் என்று ஒரு கடிதம் மக்கள் கைக்கு வந்துவிட்டது. ஊரே பதறியது. பார்த்தால் படையின் தகவல் நடவடிக்கைப் பிரிவினர் பயிற்சிக்காகத் தயாரித்த போலிக் கடிதம். ஓநாய் ஊளையை ஒலிபரப்ப ஒரு ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்களாம்.

பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதீர்கள் மாமா. எதிரியின் மனத்தைக் குழப்புவது அவர்கள் தொழில், சொந்தச் சனத்துக்கு உண்மையைச் சொல்வது எங்கள் தொழில். இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர ஒரு திட்டம் இருந்தது. அதே வருடம் விஷயம் வெளியே வந்து, அமைச்சர் அனுமதிக்காமல் கைவிட்டார்கள். ஓநாய்க்குப் பிறகு எங்கள் அறிக்கை ஒவ்வொன்றையும் அந்த ஊர்க்காரன் எப்படிப் படிப்பான்?”

கிழக்கில் எப்படிப் படிக்கிறானோ அப்படித்தான் என்றேன்.

காரைதீவு, விபுலானந்த அடிகளின் ஊர், எங்கள் அம்மாவின் ஊரும். சின்னம்மா முறையான ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. இறால் சொதி, நண்டுக் குழம்பு, கடைசியில் எருமைத் தயிர். 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள், இலங்கையில் அதிகம் இழந்த மாவட்டம் இதுதான். சின்னம்மாவின் வீடு அப்போது கடலுக்குக் கிட்ட இருந்தது. இப்போது இருப்பது உள்ளே தள்ளிக் கட்டிய வீடு.

2005 ஜனவரியில் கனடாவின் அனர்த்த உதவிப் படையணி அம்பாறைக்கு வந்தது. சுமார் 200 பேர். கடல்நீர் புகுந்த கிணறுகள் எல்லாம் உப்பாகிக் கிடந்தபோது, நீர் சுத்திகரிக்கும் இயந்திரங்களை வைத்து ஏறக்குறைய 35 இலட்சம் லீற்றர் குடிநீர் கொடுத்தார்கள். 7,000க்கு மேற்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அப்போதைய பிரதமர் போல் மார்ட்டினும் வந்து பார்த்தார். கனடாவில் என்ன பேச்சு என்றால், ஏன் இவ்வளவு தாமதம், கொண்டுபோக வாடகைக்கு விமானம் பிடிக்க வேண்டியிருந்ததே, இவ்வளவு செலவா என்று. மருமகன் அப்போது மாணவன். அந்தச் செய்திகளைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வர யோசித்தானாம். பிற்பாடு கட்டளையகத்தில் அந்தப் படங்களை எல்லாம் பார்த்திருக்கிறான். தண்ணீர்க் குழாய், சிரிக்கும் குழந்தை, சிவப்பு இலைக் கொடி.

“அந்தத் தண்ணீர் குடித்தீர்களா அம்மம்மா?” என்று கேட்டான்.

“குடித்தேன் மகன். குடத்தோடு வரிசையில் நின்றேன். மருந்து வாசம் அடிக்கும். ஆனால் உப்பு இல்லை” என்றார். பிறகு, “நல்ல பிள்ளைகள். ஒருவன் தமிழ் பேசினான். கிணறு இறைத்து முடிவதற்குள் ஏன் போய்விட்டார்கள்?” என்று கேட்டார்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு எந்தக் கோப்பிலாவது பதில் எழுதி வைத்திருப்பார்கள். “நிலையான மீள்கட்டுமானத்துக்கு வழிவிட்டு” என்று தொடங்கும்.

“அவர்களுக்குக் கொடுத்த காலம் நாற்பது நாள் அளவுதான், அம்மம்மா. அது முடிந்தது, கூப்பிட்டுக்கொண்டார்கள். உங்கள் கிணறு சரியாகிவிட்டதா என்று யாரும் பார்க்கவில்லை.”

“அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் நாங்கள் வேறு ஏற்பாடு பார்த்திருப்போமே” என்றார் சின்னம்மா, கோபம் இல்லாமல், தயிரில் இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக்கொண்டு. கூடவே அவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்ற விசாரணையும் தொடங்கியது. அதற்கு அவனிடம் தயாரித்த பதில் எதுவும் இல்லை.

திங்கள், அம்பாறை

அக்கரைப்பற்று வழியாக அம்பாறை. வயல், வயல், மறுபடியும் வயல். கல்லோயாத் திட்டத்தின் நீர். இங்கினியாகலைக்குப் போய் சேனநாயக்க சமுத்திரத்தைப் பார்த்தோம். பெயருக்கு ஏற்ற அகலம். யானை பார்க்கலாம் என்றார்கள், பார்க்கவில்லை. கனடியர்கள் அன்று முகாமிட்டது மூடிக்கிடந்த ஒரு சீனித் தொழிற்சாலையில். அதைத் தேடி ஹிங்குராணைப் பக்கம் முச்சக்கர வண்டியில் போனோம். கரும்பும் லொறிகளும் தூசியும். அவன் படங்களில் பார்த்த எதையும் அடையாளம் காண முடியவில்லை என்றான்.

இரவு விடுதியில் மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றியது. நான் படுத்துவிட்டேன். அவன் மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் கொண்டுவந்து காட்டினான். தமிழில், பெரிய எழுத்தில், சில பிழைகளோடு. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி மாலையில் கிழக்கின் படைக் கட்டளையகத்தில் தான் இருந்திருந்தால் வெளியிட்டிருக்க வேண்டிய அறிக்கை.

“இன்று காலை வந்தாறுமூலை அகதி முகாமில் படையினர் தேடுதல் நடத்தினர். சிலர் விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் வைக்கப்பட்டிருக்கும் இடம்” என்று எழுதி, ஒரு கோடு போட்டிருந்தான். “உறவினர்கள் சந்திக்கலாம். மேலதிக விபரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். பழைய கை சும்மா இருக்குமா? ‘சிலர்’ என்பதை வெட்டி ‘158 பேர்’ என்று போட்டேன். ‘அழைத்துச் செல்லப்பட்டனர்’ என்பதை வெட்டி ‘கொண்டுபோனோம்’ என்றேன். பெயர்ப் பட்டியலை இணைக்கச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் சம்மதித்தான். கடைசி வரிக்கு வந்தேன்.

“இந்த வரியை விடமாட்டேன். இதை என் கையாலேயே நூறு தடவை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். சேகரித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.”

“அது பொய்யான வரி இல்லை மாமா. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து சேகரித்ததைச் சொன்னால் அது உண்மை.”

“திரும்பி வராவிட்டால்?”

“வர விடாவிட்டால் நான் போய்த் தளபதியிடம் கேட்டிருப்பேன்.”

“கேட்டு, அவர் உன்னை வெளியே போ என்றிருந்தால்?”

“அப்படியானால் இந்த அறிக்கை என் பெயரில் போயிருக்காது.”

“வேறொருவன் பெயரில் போயிருக்கும். தம்பி, மேசையில் எப்போதும் இன்னொருவன் இருப்பான்.”

கொஞ்ச நேரம் விவாதித்தோம். நல்லவன் ஒருவன் அந்த நாற்காலியில் இருந்தால் தளபதி செய்வதும் மாறும் என்பது அவன் கட்சி. தளபதி செய்வது மாறாதவரை அந்த நாற்காலியில் யார் இருந்தால் என்ன என்பது என் கட்சி. கீழே கடைக்காரர் கதவை அடைக்கப் போகிறேன், கொத்து வேண்டுமா என்று கூப்பிட்டார். நான் இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு வந்தபோது அந்தக் கடைசி வரியை அவனே வெட்டியிருந்தான். அதன் கீழே புதிதாக ஒரு வரி: “அடுத்த அறிக்கை இன்றிரவு 8 மணிக்கு, முகாம் வாசலில், உறவினர்கள் முன்னிலையில் வாசிக்கப்படும்.”

அதில் நான் கை வைக்கவில்லை. இடத்துக்குப் போட்ட கோடு அப்படியே இருக்கிறது.